கதவைத் தட்டியது யார்?

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை

ஆண்டவருக்குள் அன்பான அப்பாவுக்கு,

மகள் செலின் எழுதுவது. நான் நலம். உங்கள் சர்க்கரையும் அம்மாவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? ஆவூரில் மழை உண்டா?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு இன்னும் இரண்டு வருடம் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று தெரியவில்லை. "இயேசுகிட்டக் கேளு. கதவச் சாத்திட்டு அமைதியா ஒக்காரு, அவரு பேசுவாரு. ஜெபத்துல ஒக்காந்தா சாத்தான் வந்து கெடுக்கப் பாப்பான், எந்திரிச்சிராத" என்று போனில் சொன்னீர்கள். அதன்படியே இன்று பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். உடனே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழவில்லை. மறுபடியும் தட்டினார்கள். கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஜெபம் முடிந்து கதவைத் திறந்தால், கீழ்வீட்டில் சமையல் வேலை பார்க்கும் மரிசெல் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கையில் கொதி எண்ணெய் பட்டிருந்தது. நர்ஸ் இருக்கிறாளே என்று ஓடி வந்திருக்கிறாள். சின்னக் காயம்தான், மருந்து போட்டுவிட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் தட்டியது யார் அப்பா? அந்தத் தட்டல்தான் இயேசுவின் குரல் என்றால், என் கையெழுத்துக்கு என்ன பதில்? ஒன்றும் புரியவில்லை.

அம்மா ஜெபமாலை சொல்வதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் கோழி கத்தினாலும் நிறுத்த வேண்டாம்.

டூட்டி வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் கதவைச் சாத்தி ஜெபிக்கும்போது அம்மா கூப்பிட்டால், இந்த முறை எழுந்து போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் காதில் என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மகள்