குச்சியில் பன்னிரண்டு கிண்ணங்கள்

அக். 21, திங்கள்
காலையிலிருந்து தூறல். பால் வாங்கவில்லை. கடுங்காப்பி.
அல்வா டப்பாவைத் திறந்து தண்ணீர் தெளித்தேன். உள்ளே ஈரத்துணி, அதன்மேல் செல்வின் ஒடித்துத் தந்த பட்ட மருதக் குச்சி. குச்சியில் பன்னிரண்டு வெள்ளைக் கிண்ணக் காளான்கள், கடுகளவு. "ஏட்டி ஜெயா, இது நம்மகிட்ட இல்லாததுல்லா" என்றார், ஆற்றங்கரையில். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. இன்றோடு பத்து நாள்.
அவர் பாங்க் கிளார்க். தாவரவியல் நடத்துகிறவள் நான். ஆனால் எங்கள் காளான் சேகரிப்புக்குக் கண் அவர்தான்.
வித்து முற்றினால்தான் எந்தச் சிற்றினம் என்று சொல்ல முடியும். என் புருஷன் கடைசியாகக் கொடுத்ததற்கு ஒரு பெயராவது கண்டுபிடிக்க வேண்டும். வேறு எதிலும் மனசு இல்லை.

அக். 23, புதன்
மழை இல்லை. கேஸ் புக் பண்ண. கல்லூரிக்கு லீவு லெட்டர். இட்லி மாவு புளித்துவிட்டது.
ஒரு கிண்ணத்தைக் கீறி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வித்துப் பைகள் உண்டு, உள்ளே வித்து இல்லை. இன்னும் நாலைந்து நாள் ஈரத்தில் இருக்க வேண்டும்.
அழுகை வரவில்லை. வரும் என்கிறார்கள்.

அக். 25, வெள்ளி
நாளை வீட்டில் ஜெபக்கூட்டம். மைனி, செல்வினின் அக்கா, வள்ளியூரிலிருந்து வந்து வீட்டையே கழுவிவிட்டார். அடுக்களையில் அல்வா டப்பா கவிழ்ந்திருந்தது.
"எப்ப வாங்குன அல்வாவோ, பூசணம் பூத்துக் கெடந்துச்சு. குச்சி வேற. தட்டிட்டேன்."
"எங்கன தட்டுனீங்க மைனி?"
"பொறவாசல்லதான். ஏட்டி, ஏன் இப்படி நிக்க?"
கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.
சலவைக்கல் பக்கம் வெயிலில் கிடந்தது குச்சி. கிண்ணங்கள் காய்ந்து வாய் மூடியிருந்தன.

அக். 27, ஞாயிறு
ஆராதனைக்குப் போகவில்லை.
தண்ணீர் விட்டதும் பதினொன்றும் பைய விரிந்தன. ஐந்தைக் கீறினேன். வித்து இல்லை. ஒருமுறை காய்ந்தது, இனி முற்றாது.
மிச்சத்தை உறையில் போட்டு லேபிள் எழுதினேன். பேரினம்: லாக்னம். சிற்றினம்: தெரியவில்லை. இடம்: தாமிரபரணிக் கரை. தேதி: அக். 10. சேகரித்தவர்: லேட் ஜெ. செல்
பேனா நின்றது. இரண்டு வாரமாகப் பாங்க், ரேஷன், இன்சூரன்ஸ், எல்லாத் தாளிலும் ‘லேட்’ போட்டே எழுதிக் கை பழகிவிட்டது. அக். 10 அன்று அவர் உயிரோடு இருந்தார்.
வேறு லேபிள் எடுத்தேன். சேகரித்தவர்: ஜெ. செல்வின்.
அப்புறம்தான் அழுதேன். சத்தம் கேட்டு மைனி கரண்டியோடு ஓடி வந்தார்.