காலையில் கிளம்பாத வண்டி

நவம்பர் 18, திங்கள்

இன்றும் காலையில் கிளம்பவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல உறுமுகிறது. என்னைக் கிறுக்கன் என்று நினைத்துவிட்டதா இந்த வண்டி?

இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். என்னைவிட ஐந்து வயது மூத்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடையது. விருதுநகரில் பழைய கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செய்யது அபுதாஹிர் பாய், அங்கே இடமில்லை என்று ஆமத்தூரில் என் வீட்டுத் தகரக் கொட்டகைக்கு அனுப்பியிருக்கிறார். டிசம்பர் ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு நானே சரிசெய்து ஓட்டிப் போய் அவர் வாசலில் நிறுத்தினால் எனக்கு அங்கே வேலை. இல்லையென்றால் எம். புதுப்பட்டியில் ஜூலையில் மூடிய பட்டாசுக் கம்பெனி ஒன்பதாம் தேதி திறக்கிறது. மறுபடியும் வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போர்மேன்.

அந்த அறைக்குள் நான் போகமாட்டேன். போக முடியாது.

சாயங்காலம் கொட்டகையைக் கூட்டிக் கழுவிப் பூட்டினேன்.

நவம்பர் 19

ஸ்பார்க் பிளக் நான்கும் புதுசு. காலையில் இல்லை. மத்தியானம் ஓடியது.

நவம்பர் 21, வியாழன்

பிளக்கை இஞ்சினில் தொட்டு வைத்து, பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்ப இன்னொரு ஆள் வேண்டும். காலையிலேயே பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் திருப்பும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று தடவை. சின்ன வயதில் லாரி ஒர்க்‌ஷாப்பில் சிரித்துக்கொண்டே செய்த வேலை இது. அப்புறம் இருபத்தொரு வருடம், எங்கும் பொறி வரக் கூடாது என்று ஆட்களைத் திட்டியே சம்பளம் வாங்கினேன்.

கட்டிய மனைவி முன்னால் வெட்கமாக இருந்தது. நாலாவது தடவை கண்ணைத் திறந்து பார்த்தேன். பொறி இல்லை.

நவம்பர் 24

பட்டாசுக் கம்பெனி முதலாளி நல்லசிவம் போன் செய்தார். "நீ இல்லாம அந்த ரூமு சாவிய நான் யாருட்ட குடுக்க?" என்றார். பார்ப்போம் அண்ணாச்சி என்றேன். மாட்டேன் என்று ஏன் சொல்ல வரவில்லை? வாயில் என்ன கொழுக்கட்டையா?

நவம்பர் 27

பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை மாற்றினேன். பெட்ரோலை இறக்கிப் புதிதாக ஊற்றினேன். இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

இன்னும் எட்டு நாள்.

நவம்பர் 30, சனி

கண்டுபிடித்துவிட்டோம் — இல்லை, அவள்தான் கண்டுபிடித்தாள்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் காலையில் கழற்றினேன். உள்ளே முத்து முத்தாக ஈரம். மழை பெய்து பத்து நாள் ஆகிறது. தண்ணீர் எங்கிருந்து வரும்? கதவோரம் நின்ற பேச்சியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"தெனமும் சாயங்காலம் கொடம் கொடமா ஊத்திட்டுக் கதவச் சாத்துறீக. பெறகு ஈரம் எங்கன போகும்?"

மருந்து அறையில் வேலை முடிந்ததும் தரையை நனைத்துவிட்டுத்தான் பூட்டுவோம். காய்ந்த தரையில் மருந்துத் தூள் உராய்ந்தால் போதும், பற்றிக்கொள்ளும். இங்கேயும் அதையே செய்திருக்கிறேன், தினமும், யோசிக்காமலே. மத்தியானம் தகரம் சூடேறி ஈரம் காய்ந்ததும் வண்டி ஓடியிருக்கிறது.

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது. ஜூலையில் அந்த அறை வெடித்த அன்று எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. உள்ளே வேலை பார்த்த சண்முகத்தாய் போய்ச் சேர்ந்தாள். முந்தின சாயங்காலமும் நான் இல்லை. தரையை யாராவது நனைத்தார்களா? நாலு மாதமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்கத்தான் பயம். பேச்சியம்மாளிடம் இன்றுதான் சொன்னேன்.

முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "இங்கன மருந்து இல்லங்க," என்றாள். "ஊத்தாதீக."

டிசம்பர் 1

ஊற்றவில்லை. கை பரபரத்தது. குடத்தை அவள் வீட்டுக்குள் எடுத்துப் போய்விட்டாள்.

டிசம்பர் 2, திங்கள்

முதல் திருப்பிலேயே கிளம்பியது! காலை ஆறரை மணி. சந்தோஷப்பட வேண்டியவன் இஞ்சினை அணைத்துவிட்டுக் காய்ந்த தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

ஏழே முக்காலுக்கே பாய் வாசலில் நிறுத்திவிட்டேன். என்ன கோளாறு என்று கேட்டார். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் தண்ணீர் ஊற்றியதை, எதற்கு ஊற்றினேன் என்பதோடு சேர்த்துச் சொன்னேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

"இங்கன வெல்டிங் வைக்கிற ஒருத்தனுக்கும் நெருப்புன்னா பயம் கெடையாது. பயப்படுற ஆளு ஒருத்தர் வேணும். நீங்க நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க," என்றார்.

அங்கே நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டேன். வரவில்லை என்றேன். அன்றைக்குத் தரையை நனைத்தார்களா என்றும் கேட்டேன். "அத இப்ப எதுக்குக் கேக்க?" என்றார். பதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் மனசு ஆறிவிடவும் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

கல்யாணமான நாளிலிருந்து என் சட்டைக்குத் தனி வாளி, தனிக் கொடி. மருந்துத் தூள் பட்ட துணி. மகள் பிரீத்திகாவை அந்தக் கொடிப் பக்கம்கூட விட்டதில்லை. இன்று காலை என் சட்டையும் அவளுடைய பள்ளிச் சட்டையும் ஒரே வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ் கறை. பிரீத்திகா கத்தித் தீர்த்தாள். பேச்சியம்மாள் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "போனாப் போகுது, வேற எடுத்துக்கலாம்," என்றாள்.