எண்பத்தைந்துக்குள் வர வேண்டும்

ஜூன் 8, திங்கள்

கத்திரி முடிந்து பத்து நாளாகியும் வெயில் அடங்கவில்லை. காலை ஆறுக்கே பெரிய ஆஸ்பத்திரி. வரிசை, டோக்கன், மறுபடி வரிசை. தம்பி தாமுவும் கூட வந்தான்.

தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருடம். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அவன் மனைவி ஜெயாவுக்கு ரத்தம் சேரவில்லை. அம்மா அப்பா இல்லை. கிட்னி கொடுக்க மிச்சம் நான்தான். எனக்குச் சேர்கிறது. இன்று கையெழுத்துப் போடச் சொல்லிவிடுவார்கள் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சொன்னது: "மத்த டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இந்த வெயிட்ல உங்களை டேபிள்ல ஏத்த மாட்டோம். ஆபரேஷனுக்கும் ஆபத்து, அப்புறம் ஒரே கிட்னியோட நீங்க காலம் முழுக்க வாழணும். மூணு மாசம் டைம். எண்பத்தஞ்சுக்குள்ள வாங்க."

இன்று 91.6.

மணலி ரோட்டு எடை மேடையில் பதினோரு வருடமாக உட்கார்ந்து ஊர் லாரிக்கெல்லாம் எடை போட்டுச் சீட்டு கிழிக்கிறேன். என் எடை எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. வெட்கக்கேடு.

பஸ்ஸில் தாமு ஜன்னலைப் பார்த்தபடி: "வுடுக்கா. ஆவலன்னா நா இப்டியே ஓட்டிக்கிறேன். மிசினு கீது, ஊசி கீது. இன்னா இப்போ?" அவன் கணுக்கால் வீங்கி செருப்பு வார் பதிந்திருந்தது. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

டயட் பெண் எழுதிக் கொடுத்தது. சின்னப் பெண், முகத்தில் சிரிப்பு, பேச்சில் கறார்.

- தட்டில் பாதி காய். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு.
- டீ இரண்டு. சர்க்கரை போடாமல்.
- பொரித்தது வாரம் ஒரு நாள்.
- தண்ணீர் இரண்டரை லிட்டர்.
- பட்டினி கூடாது. (அவளே இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.)
- நடை. முதல் வாரம் 20 நி. மூச்சு வாங்க வேண்டும், பேச்சும் வர வேண்டும்.
- எடை வாரம் ஒரு முறை மட்டும்.

நேற்றுவரை குடித்த டீயை எண்ணிப் பார்த்தேன். ஏழு. டிரைவர்கள் வாங்கித் தருவது, வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். கூடவே பஜ்ஜி. நாலு மணிக்குப் பன் பட்டர் ஜாம். இதையெல்லாம் நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் என் லிஸ்ட். பக்கத்தில் தாமுவின் பழைய லிஸ்ட். (மாடியில் அவர்கள், கீழே நாங்கள், ஃபிரிட்ஜ் ஒன்றுதான்.) அவனுக்குத் தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. எனக்குக் குடி குடி என்கிறார்கள், அவனுக்குக் குடிக்காதே என்கிறார்கள். சமையலறையில் திரும்பி நின்று குடிக்கிறேன்.

ஜூன் 11, வியாழன்

5.15க்கு எழுந்தேன். வீட்டுக்காரரும் "நானும் வரேன், ரெண்டு பேரா நடந்தா அலுப்பு தெரியாது" என்றார். அவருக்கு பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் காலை ஷிப்ட். தெருமுனைவரை வந்தார். டீக்கடை வந்ததும் நின்றுவிட்டார். அவ்வளவுதான் அவர் நடை.

கடலோரம் கல் கொட்டியிருக்கும் பக்கமாக நடந்தேன். ரோட்டில் ஹார்பர் போகும் டிரெய்லர் வரிசை, தூசி, டீசல். எட்டாவது நிமிடம் மூச்சு இல்லை. மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்ற பொம்பளை: "இன்னாமே, எவனாச்சும் தொரத்தினு வர்றானா?" சிரிக்கக்கூட மூச்சில்லை. இருபது நிமிடம் முடித்தேன். கெண்டைக்கால் கல்.

வேலையில் காதர் பாய் விடவில்லை. தண்டையார்பேட்டைக்காரர், டிரெய்லர் டிரைவர், எனக்கு அண்ணன் மாதிரி. "நீ மேடை மேல ஏறி நில்லும்மா, நா உள்ளார போயி பாக்குறேன்." ஏறினேன். எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். "தொண்ணூறுதான் காட்டுது! அப்பவே ஒன்னரை கிலோ பூட்ச்சு பாரு!"

ஜூன் 14, ஞாயிறு

மருந்துக்கடை மிஷின்: 90.4. முதல் வாரத்திலேயே! சந்தோஷத்தில் சாயங்காலம் ராயபுரம் போய் பர்மா நூடுல்ஸ் அத்தோ ஒரு பிளேட், முட்டை மசாலா வேறு. சாப்பிட்டு முடித்த பிறகுதான் புத்தி வந்தது. குறைந்ததற்குப் பரிசாக அதையே தின்பவள் நான்.

ஜூன் 25, வியாழன்

டயாலிசிஸ் முடிந்து தாமு வந்தான். முகம் வாடியிருந்தாலும் வாய் ஓயவில்லை. "நாலே மணி நேரம். ரெண்டே முக்கா கிலோ எறக்கிட்டேன். நீ ரெண்டு வாரமா நடந்து எவ்ளோக்கா?" உடம்பில் தேங்கிய தண்ணீரைத்தான் மிஷின் உறிஞ்சுகிறது, அதைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறான். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவனுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திக்கொண்டோம்.

ஜூலை 5, ஞாயிறு

89.8. போன வாரம் 89.9. அதற்கு முன்வாரம் 89.8. நடை தவறவில்லை, பஜ்ஜியைத் தொடவில்லை. பிறகு ஏன்? அழுகையாக வந்தது. டயட் பெண்ணுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

சத்துமாவுக் கஞ்சி, வெல்லம் போட்டு, பெரிய டம்ளர், இரண்டு வேளை. வேலையில் கொறிக்க வேர்க்கடலை, ஒரு பொட்டலம். ராத்திரி பேரீச்சம்பழம் ஏழெட்டு. எல்லாம் உடம்புக்கு நல்லதாயிற்றே என்றேன்.

சிரித்துவிட்டாள். "நல்ல சாப்பாட்டுக்கும் அளவு இருக்கு மேடம். லாரில மணல் ஏத்துனாலும் வெயிட்தான், அரிசி ஏத்துனாலும் வெயிட்தான். உங்களுக்குத் தெரியாததா?"

என் தொழிலை வைத்தே அடித்துவிட்டாள். கடலை இனி ஒரு கைப்பிடி. வெல்லம் கிடையாது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

87.0!

ராத்திரி மழை பெய்து காலையில் காற்று சுகம். நடை இப்போது 45 நி. கல்லோரத்தில் போவதும் வருவதும் ஒரு ரவுண்டு, ஆறு ரவுண்டு. மூச்சு வாங்கவில்லை, வாயில் பாட்டு வேறு. ஜாக்கெட் தோளில் நழுவுகிறது. ஜெயாதான் பிடித்துத் தைத்தாள், "இன்னும் எளப்பீங்க, தையல ஓரமா உட்டு வெக்கிறேன் அண்ணி" என்றாள்.

இடையில் லாரி இல்லாத நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்து பத்தாக. காதர் பாய் ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணுகிறார், ஏலம் போடுகிற குரலில். நேற்று எட்டுக்கு அப்புறம் மறுபடி ஏழு என்றார். வேண்டுமென்றேதான்.

மீன் குழம்பு எண்ணெய் மிதக்காமலும் ருசியாகத்தான் இருக்கிறது. நாற்பத்தோரு வயதில் கண்டுபிடித்தேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

86.1. புதன்கிழமை ஆஸ்பத்திரி. இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கிறது, மூன்றே நாள். தூக்கம் இல்லை.

தாமுவுக்கு நேற்று டயாலிசிஸில் பாதியில் பிரஷர் இறங்கிவிட்டது. கால் இழுத்துப் பிடித்து அலறினான் என்று ஜெயா சொன்னாள். அவன் என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, திங்கள்

இரும்பு லோடு ஒன்று. கேமராவில் பார்த்தேன். மேடைக்கு ஐம்பதடி முன்னாலேயே டிரைவர் வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் டிரம்மைத் திறந்துவிடுகிறான். கிளீனரையும் இறக்கிவிட்டான். லோடு அதிகம் ஏற்றியவன் எடையைக் குறைத்துக் காட்டச் செய்யும் பழைய வேலை. கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு, டிரம்மை நிரப்பி வரச் சொன்னேன். "உங்க கண்ணுல மட்டும் மாட்டவே கூடாதுமே" என்று முனகிக்கொண்டே போனான்.

செப். 2, புதன்

84.7!!

தாமு கட்டை விரலைக் காட்டினான். ரத்தம், சிறுநீர் எடுத்தார்கள்.

இந்த நோட்டில் பொய் எழுதக் கூடாது. திங்கள் ராத்திரியிலிருந்து சோறு இல்லை. நேற்று மதியத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாயங்காலம் வீட்டுக்காரரின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க நடந்தேன். அந்த இரும்பு லோடுக்காரன் செய்ததைத்தான் நானும் செய்தேன். யாரும் கேமராவில் பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கண் இருட்டியது. பரவாயில்லை. வந்துவிட்டேன், எண்பத்தைந்துக்குள்.

செப். 4, வெள்ளி

டாக்டரம்மாவே போன். கிரியாட்டினின் ஜூனில் 0.8. இப்போது 1.3. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண் அது, தாமுவால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. 

"தண்ணி ஒழுங்கா குடிச்சீங்களா?"

"குடிச்சேன் டாக்டர்."

"அப்ப ஏன் ஏறுச்சுன்னு பாக்கணும். அதுவரைக்கும் உங்க பைலை நிறுத்தி வைக்கிறேன்."

வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். வெளியே மூன்று வண்டி ஹார்ன். தாமுவுக்கு இருக்கும் ஒரே வழியை நானே அடைத்துவிட்டேன், அதற்குமேல் ஒரு பொய். திரும்பப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், மழைக்கோட்டு உட்பட.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு: "என் மிஷினை ஏமாத்தி எனக்கு என்னம்மா ஆகப்போகுது? டேபிள்ல படுக்கப்போறது நீங்க. ஒரு வாரம் ஒழுங்கா சாப்பிட்டு, தண்ணி குடிச்சுட்டு வாங்க. திரும்ப எடுப்போம். அப்பவும் இப்படியே இருந்தா உங்களை எடுக்க முடியாது."

செப். 5, சனி

டயாலிசிஸ் முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது தாமுவிடம் சொல்லிவிட்டேன்.

வீடு வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்று: "ஒரு மடக்கு தண்ணிக்கு நா இன்னா பாடு படுறேன் தெரியுமா ஒனக்கு? பைப்பாண்ட போய் வாய கொப்ளிச்சு துப்பிகினு கீறேன். ஐஸ் கட்டிய நக்கினு கீறேன். ஒனக்கு யாரும் கூடாதுன்னு சொல்லல. நீ வேணும்னே குடிக்காம இருந்தியா?" தெருவே கேட்டது. மாடி ஏறிப் போய்விட்டான்.

அவன் திட்டியதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

செப். 6, ஞாயிறு

5.15. கதவைத் திறந்தால் படியில் தாமு. செருப்பு மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில்.

"இன்னிக்கு மிசினு இல்ல. நீ நட, நா எண்ணினு ஒக்காந்துனு கீறேன்."

கல்லோரம் வரை மெதுவாக வந்தான், நடுவில் இரண்டு தடவை நின்று. ஒரு கல்லில் உட்கார்ந்தான். நான் ஒரு ரவுண்டு முடித்து வந்ததும் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"குடி."

"உன் எதிர்ல நான் எப்படிடா..."

"பாக்கத்தான் வந்துகீறேன். குடி."

குடித்தேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ரவுண்டுக்கும். ஆறாவதில் பாட்டில் காலி. அழுதுகொண்டே குடித்ததில் எனக்குப் புரையேற, அவன் என் தலையில் தட்டினான்.

செப். 9, புதன்

இட்லி மூன்று, சாம்பார், தண்ணீர் வயிறு முட்ட. 85.6. நர்ஸ் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். ரத்தம் எடுத்தாயிற்று.

செப். 10, வியாழன்

தாமுவுக்கு டயாலிசிஸ். எனக்கு வேலையில் மனமில்லை. ஒரு சீட்டில் வண்டி நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேன், பதினோரு வருடத்தில் இரண்டாவது தடவை. காதர் பாய் மத்தியானத் தொழுகையில் தாமு பேரையும் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். உன் பேரையும்தான் என்றார்.

செப். 11, வெள்ளி

மேகமூட்டம். 11.40க்கு போன். லோடு வண்டி மேடையில் நிற்கிறது, எடுத்தேன்.

0.8.

"எண்பத்தஞ்சு புள்ளி ஆறு இருக்கே டாக்டர்?"

"இது நிஜமான வெயிட்தானே? போதும். அந்த அறுநூறு கிராம் நடந்தே போயிடும். பைலை மேல கமிட்டிக்கு அனுப்புறேன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க."

தாமுவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அரை மணி கழித்து ஆளே வந்து நிற்கிறான், ஜெயா சொன்னாளாம், இன்று முடிவு வரும் என்று. பஸ் ஸ்டாப்பிலிருந்து இந்தத் தூசியில் நடந்தே வந்திருக்கிறான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா சொன்னாங்க?"

"சரியாயிடுச்சுடா. ஃபைல் மேல போகுது."

நாற்காலியில் உட்கார்ந்தான். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையை மறு கையால் தடவிக்கொண்டே இருந்தான். வழக்கம்போல வுடுக்கா என்பான், ஓட்டிக்கிறேன் என்பான் என்று பார்த்தேன்.

"எனக்கு வேணும்க்கா," என்றான். "இத்தினி நாளு சொல்லல. ஒனக்கு எதுனா ஆயிடுமோன்னு பயம். ஆனா வேணும்க்கா. நா சாவ பிரியப்படல."

சரிடா என்றேன். வெளியே ஹார்ன். அடுத்த வண்டி மேடை ஏறிவிட்டது.