மாப்பிள்ளை ஓட்டிய பச்சைக் கார்

லீட்ஸ்,
4 மே 1987

அன்புள்ள சிரில் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாப்பிள்ளை நார்மனுக்குப் பித்து முற்றிவிட்டது. காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன். ஸ்கார்பரோவில் கடல் பார்த்த மாதிரி சின்னதாக ஒரு வீடு வாங்குவோம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர். இப்போது உங்களுடையதைப் போலவே 1961 மாடல் பச்சைக் கார் வேண்டுமாம். விளம்பரத்தைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். "ஊரையே ஏத்தி இறக்கியாச்சு டோரீன், எனக்குன்னு ஒண்ணு ஓட்ட வேண்டாமா?" என்கிறார். எனக்கும் ஒரு ஆசை இருந்தது என்பது மறந்தே போய்விட்டது.

அவரை ஒரு நாள் உங்கள் வண்டியை ஓட்ட விடுங்கள். நல்ல மழை நாளாகப் பார்த்து, மோசமான ரோட்டில். துணிக் கூரை ஒழுகட்டும், நடுவழியில் நிற்கட்டும். ஆபத்தில்லாமல் எதையாவது கழற்றி வைத்தாலும் சரிதான். ஆசை அன்றோடு விட்டுப்போக வேண்டும்.

உங்கள் தங்கை,
டோரீன்


பேக்வெல்,
9 மே

அன்புத் தங்கைக்கு,

என் வண்டியைப் பற்றி இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நான் அதைத் துடைத்து வெளியே எடுத்தால் தெருவே நின்று பார்க்கிறது. போன வாரம் பாதிரியார் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போனார்.

இருந்தாலும் எனக்கு இருப்பது ஒரே தங்கை. மாப்பிள்ளையை அனுப்பு, நீ சொன்னபடி செய்கிறேன். ஆட்டுக்கறியும் புதினா சாஸும் தயாராக இருக்கும் என்று அண்ணி சொல்லச் சொன்னாள்.

சிரில்


லீட்ஸ்,
26 மே

அண்ணா, உங்களுக்குக் கோடி புண்ணியம்!

வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்ச் சுவரில் இருந்த விளம்பரத்தைக் கிழித்தார். "அந்தக் கடல் வீட்டுக்காரனுக்குப் போன் பண்ணு" என்றார். அவ்வளவுதான். என்ன மாயம் செய்தீர்கள்? அடுத்த மாதம் வீட்டைப் பார்க்கப் போகிறோம். திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்துவிட்டேன்.

டோரீன்


லீட்ஸ்,
20 ஜூன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தப்பு செய்துவிட்டோம். எங்கள் காரின் சாவியை நார்மன் என்னிடம் கொடுத்துவிட்டார். "இனிமே நீயே ஓட்டு" என்கிறார். கடைக்குக்கூட நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வருகிறார். கடல் வீட்டுப் பேச்சை எடுத்தால், "உன் இஷ்டம்" என்கிறார். நேற்று கேட்டேவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த வளைவுல திருப்புறேன், திரும்பல. பிரேக் அடிக்கிறேன், நிக்கல. எதிர்ல வந்த லாரிக்காரன் என்னைத் திட்டிட்டுப் போறான். என்னை! அப்புறம் உங்கண்ணன் கையில குடுத்தேன். என்னைவிட நாலு வயசு மூத்தவரு, அதே ரோட்டுல ஜம்முனு ஓட்டிட்டு வந்தாரு. என் கையும் போச்சு, காலும் போச்சு டோரீன். நான் முடிஞ்சேன்."

வண்டியில் என்ன செய்து வைத்தீர்கள் என்று உடனே எழுதுங்கள். அவரிடம் காட்டுகிறேன். நான் சொல்லித்தான் செய்தீர்கள் என்று தெரிந்து என்னைத் திட்டட்டும். கடல் வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இந்த மனுஷனை இப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை.

டோரீன்


பேக்வெல்,
24 ஜூன்

டோரீன்,

நான் வண்டியில் ஒன்றுமே செய்யவில்லை.

சரி என்று உனக்கு எழுதினேனே தவிர, மாப்பிள்ளை முன்னால் என் வண்டி அசிங்கப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. மெக்கானிக்கிடம் காட்டி, எண்ணெய் மாற்றி, வெயில் நாளாகப் பார்த்து, இந்தப் பக்கத்திலேயே நல்ல ரோட்டில்தான் கூட்டிப்போனேன். அது அவ்வளவு நன்றாக ஓடி நானே பார்த்ததில்லை.

அந்தக் காலத்து வண்டி அப்படித்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வேண்டும். வளைவு கண்ணில் படும் முன்பே பிரேக்கை இரண்டு தடவை மிதித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. நேர் ரோட்டிலேயே இடது பக்கம் இழுக்கும். கால் வைக்கும் இடம் அடுப்பு மாதிரி கொதிக்கும். வாங்கின வருஷம் அதே வளைவில் நான் வேலியை உடைத்துக்கொண்டு ஆட்டு மந்தைக்குள்ளேயே போய்விட்டேன். அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. எந்த இடத்தில் காலை வாரும் என்று எனக்குத் தெரியும், என் சாமர்த்தியம் அவ்வளவுதான். அன்று மாப்பிள்ளை கிளம்பிப் போனதும் அண்ணி என் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

அவர் கடைசிப் பத்து வருஷம் ஓட்டியது ஒரு விரலில் திரும்புகிற பஸ். அவருக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்த வண்டி வைத்திருக்கிற எவனும் சொல்ல மாட்டான். பழைய கார்க்காரர்கள் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சும்மா பறக்குதுப்பா" என்றுதான் சொல்வோம்.

வண்டியை விட்டு இறங்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. பார்த்தேன். "எனக்கும் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவர் முன்னால் ஓட்டிக் காட்டுவது எனக்கு நன்றாக இருந்தது. இதை அவருக்கே படித்துக் காட்டு.

சிரில்


லீட்ஸ்,
2 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்துக் காட்டினேன். ஆட்டு மந்தை வந்ததும், "நிறுத்து, மறுபடி படி" என்றார். மறுபடியும், மறுபடியும் படிக்க வைத்தார். அப்புறம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

முதலில் உங்களுக்கு நான் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். "கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே டோரீன்" என்றார். கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா.

மறுநாள் காலையில் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அந்த வண்டி வேண்டாமாம், "நாய் வண்டி" என்கிறார். ஆனால் சனிக்கிழமை அங்கே வருகிறார். அந்த வளைவை ஒரு தடவை ஒழுங்காகத் திருப்பாமல் விட மாட்டாராம். "உங்கண்ணன் பக்கத்துல உக்காந்து வாயைத் திறந்து சொல்லிக்கிட்டே வரணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"அதுல ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்றார்.

உங்கள் இருவருக்கும் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

டோரீன்