கடையில் கிடைக்காத சொற்கள்

மார்ச் 4
அலுவலகத்தில் இன்று அலமாரி, சாவி, ஜன்னல். மூன்றும் போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்தவை. இருபது வருடமாக அகராதிக்குக் கார்டு எழுதுகிறேன்: என்ன சொல், முதலில் எங்கே தென்பட்டது, யார் கொண்டுவந்தது. எந்தச் சொல்லும் தானாக நடந்து வராது.

சாயங்காலம் அவர் குக்கரில் விரலைச் சுட்டுக்கொண்டார். "அம்மா" என்று கத்தவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மொழியில் என்னவோ கத்தினார்.

"எங்க புடிச்சீங்க இந்த வார்த்தைய?"

"கடையில," என்றார்.

மார்ச் 6
கடையில் விலை கேட்கக் கற்கலாம். சுட்டுக்கொண்டால் கத்துவதற்கு யார் கற்றுத் தருவார்கள்? அது அடுப்படிச் சொல். யார் வீட்டு அடுப்படி?

மார்ச் 9
சனிக்கிழமை. வழக்கம்போல் நண்பர் வீட்டில் செஸ், ஐந்து மணி நேரம். யார் ஜெயித்தது என்றேன். யோசித்துச் சொன்னார்!

மார்ச் 14
தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே முனகினார். தாலாட்டு. அதே மொழி. 'மெல்ல', 'தூங்கு' இரண்டும் முன்பே பிடித்துவிட்டேன். அன்றைய கத்தலும் இந்தத் தாலாட்டும் சேர்த்து, அவர் சொற்களுக்கு ஆக நான்கு கார்டு. கைப்பையில் பார்த்துவிட்டு டைப்பிஸ்ட், "என்னக்கா, வீட்டுலயும் ஓவர்டைமா?" என்கிறாள்.

தாலாட்டு என்றால் ஒரு குழந்தை. ஐம்பத்திரண்டு வயதில்! வெட்கங்கெட்ட மனுஷன். இல்லை, நான்தான் அதிகமாக நினைக்கிறேனோ?

மகளிடம் சொல்லி அழலாம். எப்படி? அந்த மொழிக்காரனைக் கட்டிக்கொண்டபோது, "ஒரு வருஷம் தாங்காது" என்றேன். பேச்சு நின்று இரண்டு வருடம். வெளியூர் போய்விட்டார்கள் என்று அவர்தான் சொன்னார்.

மார்ச் 16
பின்தொடர்ந்தேன். எழுதவே கூசுகிறது. இரண்டு பஸ் மாறி, மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி, பச்சைக் கதவு. அவர் கையில் டயாபர் பாக்கெட். கதவைத் திறந்தவள் என் வயதுக்காரி, இடுப்பில் குழந்தை. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்குப் பின்னால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தது என் மகள்.

"வெளியூருன்னீங்களே?" அவரைத்தான் கேட்டேன். அவர் டயாபரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் சொன்னாள்: "நாந்தான் சொல்ல வேணாம்னேன். நீ வந்தா குத்தம் கண்டுபுடிக்கத்தான் வருவே. இன்னிக்கும் அதுக்குத்தானே வந்தே?"

குழந்தை வீறிட்டது. அந்த அம்மாளுக்கு, மாப்பிள்ளையின் தாய்க்கு, தமிழ் ஒரு வரி தெரியாது. தோளில் போட்டுத் தட்டினாள். "சுண்டுமா... சுண்டுமா..."

சுண்டுமா. எந்த அகராதியிலும் கிடையாது. மகள் பிறந்த வாரம் நானாக உண்டாக்கிக் கூப்பிட்டது. அவள் அதைக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்திருக்கிறாள்.

என் நான்கு கார்டிலும் உள்ளே வந்த சொற்கள்தான். வெளியே போனதற்கு ஒரு கார்டுகூட எழுதவில்லை.

மார்ச் 17
அவரோடு பேசவில்லை. செஸ்ஸாம் செஸ்.

மார்ச் 23
கூடப் போனேன். மகள் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "உக்காரு." குழந்தையை மடியில் வைத்தது அந்த அம்மாள்தான்.

ஏப்ரல் 15
காலையில் காபி நாக்கைச் சுட்டுவிட்டது. கத்தினேன்.

அவர் பேப்பரை இறக்கினார். "எங்க புடிச்சே அந்த வார்த்தைய?"

"கடையில," என்றேன்.