அம்மா அறைக் கதவு

12 நவம்பர் 1986, புதன்

கால் விளங்காமல் படுத்துவிட்ட அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்துவிட்டது. ஆனால் அறைக்குள் நுழையவில்லை, கதவு இடித்தது. கதவைக் கழற்றலாம் என்றால் கீல் ஸ்க்ரூவெல்லாம் துரு. என் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கி அதன் தலையைத்தான் தேய்த்தது.

ஜுருவில் கார் பட்டறையில் இருக்கும் தம்பி ரவி இம்பேக்ட் டிரைவர் கொண்டுவந்தான். பின்னால் சுத்தியலால் அடித்தால் நுனி ஸ்க்ரூவை அழுத்திக்கொண்டே கொஞ்சம் திரும்புமாம். நான்தான் அடிப்பேன் என்று பிடுங்கிக்கொண்டேன். எவ்வளவு அடித்தும் அசையவில்லை.

“அக்கா, இறுக்குற துத்துப் பக்கம் வச்சிருக்கே லா! இன்னும் இறுக்கிட்டே. கழட்டுற புக்கா பக்கம் திருப்பிட்டு அடி.”

திருப்பி அடித்ததும் ஒவ்வொன்றாகக் கழன்றது. கட்டிலும் உள்ளே போயிற்று; அம்மாவை அதில் படுக்க வைத்தோம்.

“கதவ எப்ப மாட்டுறது?” என்றேன்.

“கட்டில் வெளிய வர்றப்ப மாட்டிக்கலாம் லா.”

சொன்ன பிறகுதான் ரவிக்கே உறைத்தது. இருவரும் அம்மா பக்கம் திரும்பவில்லை.

அம்மாதான் பேசினாள். “அது வரைக்கும் கதவ மழையில போடாதீங்க.”

கதவு வாசல் அஞ்சடித் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்திருக்கிறது. இப்போது சாரல் அடிக்கிறது. போய் உள்ளே எடுத்து வைக்கிறேன்.