பன்னிரண்டாம் நாள் கப்பல்

நாள் 1 — 10:40

இது நடக்கும் என்று நான் முன்னமே சொல்லிவிட்டேன். இந்த நோட்டை யார் கண்டெடுத்துப் படிக்கிறீர்களோ, முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலாவில் ஒருநாள் நடுக்கம் வரும், நடுக்கதவு மாட்டிக்கொள்ளும், ஆளுக்கொரு பக்கம் அடைபட்டுக் கிடப்போம் என்று போன மாதமே சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். நாலு பேர் கேட்டார்கள். நாலு பேரும் சிரித்தார்கள்.

பெயர் செண்பகராஜ். ஊர் சாத்தூர். இந்த நிலையத்தில் சமையலும் சரக்கும் என் பொறுப்பு. படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு என்னைத் தாங்கும் சக்தி இல்லை.

நடுக்கம் வந்தது 09:52-க்கு. நாலு நிமிஷம் ஆட்டியது. கருவி நாற்பது வினாடி என்று காட்டுகிறது, அது பயத்தில் எண்ண மறந்திருக்கும். நடுக்கதவின் சட்டம் கோணிவிட்டது. கடப்பாரை வைத்து நெம்பினேன், கடப்பாரை வளைந்தது.

என் பக்கம்: சமையலறை, அலமாரிச் சாமான், காற்று இயந்திரம், ரேடியோ மேசை. பெரிய சரக்கறை மண்ணோடு அமுங்கிவிட்டது. அந்தப் பக்கம்: ஆய்வு அறை, வெளிக்கதவு, ஃப்ளாவியா. தூத்துக்குடிப் பெண், கல்லை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினவள். மற்ற மூன்று பேரும் போன வாரக் கப்பலில் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். அடுத்த கப்பலுக்கு நாற்பது நாள்.

இன்டர்காமில் பேசியது:

"அண்ணாச்சி, உயிரோட இருக்கீங்களா?"

"நான் சாகணும்னா நிலா இன்னும் கொஞ்சம் பலமா குலுங்கணும் தாயி."

"கதவு வராதா?"

"வராது. ஆனா சுவத்துல கல்லு குடுத்து வாங்குற பெட்டி இருக்குல்லா, அது திறக்குது. தட்டு உள்ள போகும்."

"ரேடியோ?"

"இனிமேதான் பாக்கணும். முதல்ல உப்புமா."

உப்புமா அனுப்பினேன். தட்டு காலியாகத் திரும்பியது. ஒரு கருவேப்பிலை மட்டும் ஓரத்தில். டாக்டர்கள் எல்லாரும் இப்படித்தான்.

நாள் 2 — 08:15

ஃப்ளாவியாவின் அறை மூன்று எட்டு. மூன்று வைத்தால் சுவர், திரும்பி மூன்று வைத்தால் சுவர். காலையிலிருந்து அவள் நடக்கும் சத்தம் கேட்கிறது.

"அண்ணாச்சி, நான் வெளிய போறேன். மேற்கே பழைய தகவல் கம்பம் இருக்கு. அங்க இருந்து கீழ பேசிரலாம்."

"எவ்வளவு தூரம்?"

"முப்பத்தெட்டு கிலோமீட்டர்."

"விண்வெளிச் சட்டையில காத்து?"

"ஏழு மணி நேரம்."

எட்டாம் வகுப்புக் கணக்குக்கே அது விடை வராத கணக்கு. அதோடு அந்த வெளிக்கதவை ஒரு தடவை திறந்தால் அறைக் காற்று மொத்தமும் போய்விடும். திரும்ப நிரப்பும் பம்பு நடுக்கத்தில் உடைந்து கிடக்கிறது. போனால் போனதுதான். அதுவும் அவளுக்குத் தெரியும். "இந்த டப்பாக்குள்ள நாப்பது நாள் முடியாது அண்ணாச்சி, என்னால முடியாது" என்றாள்.

ஒரு மணி நேரம் பொறு, ரேடியோவைச் சரிசெய்கிறேன் என்றேன்.

நாள் 2 — 09:30

நான் தொட்டால் சரியாகாத பொருள் கிடையாது. செய்தி வந்தது. தரை நிலையத்திலிருந்து ரெங்கநாயகி மேடம். அப்படியே எழுதுகிறேன்:

"மீட்புக் கப்பல் தயார். பன்னிரண்டாம் நாள் பதினொரு மணிக்கு இறங்கும். அதுவரை யாரும் வெளியே போகக் கூடாது. செண்பகராஜ், நீங்க சொன்னப்பவே நாங்க கேட்டிருக்கணும்."

ஃப்ளாவியாவிடம் சொன்னேன். நடை நின்றது. அப்புறம் அழுதாள். அப்புறம் சிரித்தாள்.

"மேடமா அப்படிச் சொன்னாங்க? ஒரு வருஷமா என் குட்மார்னிங்குக்குப் பதில் சொல்லாத மேடமா?"

"குரலே கம்மிப்போச்சு அவங்களுக்கு."

"எனக்கும் லைனைக் குடுங்க."

"உன் பக்கம் வர்ற வயரு நசுங்கிருச்சு தாயி. நான் இருக்கேன்ல, ஒரு எழுத்து குறையாம சொல்லுவேன்."

நாள் 4 — 16:00

காற்று நலம். தண்ணீர் நலம். சுவரில் ஆணி 212.

டீ போட்டேன். பூமியில் டீ ஆற்றுகிறவர்கள் எல்லாம் பாவம். இங்கே டம்ளரைத் தலைக்கு மேல் பிடித்து ஊற்றினால் டீ அவசரப்படாமல், சீலை கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி இறங்கும். கீழ் டம்ளரைச் சேர்வதற்குள் குடிக்கிற பதத்துக்கு ஆறியிருக்கும். பால்பொடி டீதான். ஆனாலும் நுரை நாலு விரல்கடை நிற்கும்.

பெட்டியில் வைத்து அனுப்பினேன். அவளும் நானும் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்துக்கொண்டு குடித்தோம்.

"அண்ணாச்சி, வீட்ல இந்நேரம் என்ன பண்ணுவீங்க?"

உண்மையைச் சொன்னேன். வேலை முடிந்து வந்து குளிப்பேன். துவைத்த லுங்கி, மூன்றில் ஃபேன், வெறும் தரை. தயிர்சோற்றில் காராச்சேவை நொறுக்கிப் போட்டு, அது நமத்துப் போவதற்குள் சாப்பிட வேண்டும். அந்த மொறுமொறு சத்தத்தில் சுப்புத்தாய், அதாவது என் வீட்டுக்காரி, சொல்கிற எதுவும் காதில் விழாது. அதுதான் அதில் விசேஷம்.

"நீ?"

"மீன் பொரிச்ச சட்டி இருக்குல்லா, அந்த மசாலாக் கசடுல சூடா சோத்தைப் போட்டுப் புரட்டி, சட்டியோட நின்னுக்கிட்டே திம்போம். நானும் வீட்டுக்காரர் ரோஷனும். கல்யாணத்துக்கு வாங்கின தட்டு எல்லாம் அலமாரியில தூங்குது."

நாள் 5 — 12:30

மீன் இல்லாத மீன் சட்டிச் சோறு. சோயா உருண்டையைப் பிழிந்து, மிளகாய்த்தூள், புளி, பூண்டுப் பொடி பூசி, கருகவிட்டு எடுத்தேன். உருண்டையைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு அந்தக் கசடில் சோற்றைப் புரட்டினேன். தட்டில் போடவில்லை. சட்டியையே பெட்டிக்குள் திணித்தேன். கைப்பிடி இடித்தது, கழற்றிவிட்டேன்.

பெட்டி அந்தப் பக்கம் திறந்து மூடியது. பிறகு:

"அண்ணாச்சி, கரண்டியால சட்டியைச் சுரண்டுற சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். இல்லாமல் என்ன, பன்னிரண்டாம் நாள் கப்பல் வருகிறது.

நாள் 7 — 13:10

ஞாயிறு. பருப்புக் குழம்பு, வற்றல், அப்பளம். தாளிக்கும்போது கடுகு கூரைக்குப் பறந்து ஒட்டிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கிறது. ஆறு மாதமாக ஒட்டிச் சேர்ந்த கடுகு.

அவள் அந்தப் பக்கமிருந்து குக்கர் விசில் எண்ணுகிறாள். "மூணுதான் வந்திருக்கு, இறக்கிராதீங்க" என்று அதட்டல் வேறு. ஆய்வு மேசையைத் துடைத்து, வெள்ளைக் கோட்டை விரித்து, அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிடுகிறாளாம். டப்பா கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்கிறது என்றாள். இன்று நடக்கும் சத்தம் இல்லை.

தரை நிலையச் செய்தி, ரெங்கநாயகி மேடம்: "கப்பல் புறப்பட்டது. எல்லாம் சரியான நேரத்தில். செண்பகராஜ், உங்க ரசத்துக்கு மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு? இங்கே எல்லாரும் கேக்கிறாங்க."

"என்ன அளக்குதீங்க அண்ணாச்சி! மேடம் ரசம் கேட்டாங்களா?"

"ரெண்டு தடவை கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"சீரகத்தை மட்டும் மாத்திச் சொல்லிட்டேன். தொழில் ரகசியம்."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

நாள் 8 — 12:50

புதிய கண்டுபிடிப்பு. இங்கே நம் எடை ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஆறில் ஒரு பங்கு சாப்பாடு போதும். இதை நான் என்னிடமே சோதித்து வருகிறேன். இன்று அப்பளம் ஒன்று, வடிகஞ்சி ஒரு டம்ளர். நன்றாகவே இருக்கிறேன். நிமிரும்போது மட்டும் அலமாரி கொஞ்சம் நகர்கிறது.

ஃப்ளாவியா இரண்டாம் தடவை சோறு கேட்டாள். கொடுத்தேன்.

சுவரில் ஆணி 214. முன்பு தப்பாக எண்ணியிருக்கிறேன்.

நாள் 10 — 17:20

காற்று நலம். காற்று இயந்திரத்தின் சத்தம் இப்போது ஒரு ஆள் மூக்கடைப்போடு மூச்சு விடுகிற மாதிரி கேட்கிறது. சுவர் வியர்க்கிறது. துடைத்துத் துடைத்துத் துண்டு நாறுகிறது. என் பக்கம் நடந்து அளந்தால் எட்டு எட்டு. நேற்று ஏழரைதான் வந்தது. கால் எட்டிப் போடவில்லையோ, இல்லை சுவர்தான் நெருங்கி வருகிறதோ.

அவள் பை கட்டிவிட்டாள். பாடுகிறாள். கீழே போனதும் முதலில் என்ன செய்வாள் என்று பட்டியல் போட்டு வாசித்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீர்க் குளியல். கூட்டமான பஸ். சட்டிச் சோறு, நிஜ மீனில்.

"நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி?"

"ரேடியோக்காரங்களைப் பாத்து நாலு வார்த்தை கேக்கணும்" என்று வாய் சொல்லிவிட்டது.

"எதுக்கு?"

"சும்மா. தரமா செஞ்சிருக்காங்கன்னு பாராட்ட."

நாள் 11 — 11:05

செய்தி, ரெங்கநாயகி மேடம்: "கப்பல் இரண்டு நாள் தாமதமாகலாம். பொறுமை."

ஃப்ளாவியாவிடம் சொன்னேன். நடக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. மூன்று எட்டு, சுவர். மூன்று எட்டு, சுவர். பிறகு சுவரில் எதையோ அடிக்கும் சத்தம். கையாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

11:40. திருத்தம். மேடம் மறுபடி வந்தார். தாமதம் இல்லையாம். நாளைக்கு அதே பதினொரு மணி.

அடி நின்றது.

நாள் 12 — 09:35

"அண்ணாச்சி, நான் சட்டை மாட்டிட்டேன். தலைக்கவசம் மட்டும்தான் பாக்கி."

"எதுக்கு தாயி? கப்பல் வந்தா அவங்களே வந்து திறப்பாங்க."

"எந்த வழியா திறப்பாங்க? என் வெளிக்கதவு வழியாத்தானே. எப்படியும் காத்து போகப்போகுது. நான் முன்னாடியே போய் இறங்குதளத்துல நிக்கேன். வெளிச்சத்துல நிக்கணும் அண்ணாச்சி. பத்தரைக்குக் கிளம்புவேன். அதுக்கு முன்னாடி ஒரு டீ குடுங்க. இன்டர்காமை அணைக்கேன், பேட்டரியைச் சட்டைக்கு மாத்தணும்."

"ஒரு நிமிஷம்" என்றேன். "ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"மேடம் உன்னை ரொம்பக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

ஏன் அதைச் சொன்னேன்? மறுபடி பட்டனை அழுத்தினேன். டீயில் ஏலக்காய் போடவா என்று கேட்டேன். மூன்றாம் தடவை அழுத்தி, சாத்தூரில் ஒருத்தன் ரயிலைத் தவறவிட்ட கதையைப் பாதி சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு அணைத்துவிட்டாள். சுவரைத் தட்டினேன், சட்டியால் அடித்தேன். வழியனுப்பக் கொட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். அந்தப் பக்கமிருந்து அவளும் தாளம் போட்டாள்.

நாள் 12 — 09:58

வாய் என் பேச்சைக் கேட்காது. ஐம்பத்தாறு வருஷமாக அதற்கு வேறு பழக்கம். கை கேட்கும் போலிருக்கிறது.

ஃப்ளாவியா, இந்த நோட்டைப் பெட்டிக்குள் வைக்கிறேன். டீ இதன்மேல் இருக்கும். டீயை எடுக்கும்போது இதை எடுப்பாய். கடைசிப் பக்கத்தை மட்டும் படி. மற்றதை அப்புறம் படித்துத் திட்டு.

சட்டையைக் கழற்று. வெளிக்கதவைத் தொடாதே. அரிசி நாலரை கிலோ இருக்கிறது. பருப்பு ஒன்றரை. நீ வாயைக் கட்டினால், நானும் கட்டினால், நாற்பதாம் நாள் வழக்கமான கப்பல் வரும்வரை இழுக்கலாம். நம்மிடமிருந்து பேச்சே இல்லை என்று பார்த்து முன்னாடியே வந்தாலும் வரலாம். தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது இதுதான் எனக்கு முதல் தடவை.

இரண்டாம் நாள் உன்னை அந்தக் கதவுப் பக்கம் போகவிடாமல் நிறுத்த வேறு வழி தெரியவில்லை. ஒரு நாள் தாங்கட்டும் என்று சொன்னேன். நீ சாப்பிட்டாய், சிரித்தாய், நடக்கிறதை நிறுத்தினாய். பிறகு நிறுத்த முடியவில்லை. நோட்டிலும் அப்படியே எழுதினேன். எழுதினதைத் திரும்பப் படித்தால் எனக்கே தெம்பாக இருந்தது. நேற்று நானே பை கட்டினேன் தாயி.

10:11. டீ வைத்துவிட்டேன். ஆறுகிறது. நோட்டை அதன் அடியில் வைக்கிறேன்.

10:14. நீ இன்னும் டீயை எடுக்கவில்லை. நோட்டைத் திரும்ப எடுத்தேன், இதுவரை எழுதினதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்துப் புரியாவிட்டால் இரண்டு தடவை படி.

இறங்குதளத்தில் யாரும் இல்லை. எந்தக் கப்பலும் கிளம்பவில்லை. ரேடியோ முதல் நாள் நடுக்கத்திலேயே உடைந்துபோனது. ரெங்கநாயகி மேடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அத்தனையும் பேசினது நான்